மாடுகள் கொட்டிலுக்குப் போன பின்பும்

டிக்.

ஒலிபெருக்கியிலிருந்து வந்த சத்தம் பெரிதல்ல. நகத்தால் மேசை விளிம்பைச் சுண்டினால் எழும் அளவுதான். ஆனால் ஒன்றேகால் நொடிக்கு ஒரு முறை, பிசகாமல் வந்தது. இடையிடையே சில மட்டும் மற்றவற்றைவிடப் பலமாக விழுந்தன.

"கேட்டீங்களா? இதுக்குத்தான் செவ்வாய்க்கிழமை வந்ததும் வராததுமா சுவத்து சுவிட்சை அணைச்சேன்," என்றாள் கார்லா. "வீட்டுல ஆளே இல்ல. இந்தப் பெட்டி மட்டும் கண்ணை முழிச்சுக்கிட்டு டிக் டிக்குன்னு... எனக்குப் பயமாயிருச்சு."

பெர்ட்டல் அந்தப் பெட்டிக்கு மறுபடி மின்சாரம் விட்டு, முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மேல்மூடி கழற்றப்பட்ட ப்ரீ-ஆம்ப். இசைத்தட்டு முள்ளின் மெல்லிய முனகலை வாங்கி, பெரிய ஆம்ப்ளிஃபயருக்குக் கேட்கும்படி வளர்த்துக் கொடுக்கும் பெட்டி. அதற்குள் நான்கு கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்துகொண்டிருந்தன. ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்து, அதை மூடி, ஆறு வருடங்களாகத் துப்பறியும் அஸ்தாவிடம் கார் ஓட்டும் ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு, இப்படி ஒரு பெட்டியைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"அம்மணி, உங்க அண்ணன் தம்பி யாராவது இவ்வளவு சுத்தமாக் கம்பிக்கு ஈயம் வச்சு ஒட்டியிருக்காங்களா? நம்ம பல் டாக்டர்கூட இப்படி வேலை செய்ய மாட்டார்."

"எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல," என்றாள் அஸ்தா. "இந்த வீட்டுக்காரரைத் தேடு. பெட்டியை அப்புறம் ரசிக்கலாம்."

அஸ்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் போலீஸ் வேலை பார்த்த முதுகு இன்னும் வளையவில்லை. ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தாள். நவம்பர் மூடுபனி தோட்டத்துக் கொடிக்கம்பம் வரை வந்து நின்றிருந்தது. மணி மூன்றுதான். ஆனால் பகல் ஏற்கெனவே கிளம்பத் தயாராக இருந்தது.

இந்த வீட்டுக்காரர் ஹோல்கர், எழுபத்தொரு வயது. செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து காணவில்லை. இன்று வியாழன். வாராவாரம் செவ்வாய் இரவு தம்பியோடு சாப்பிட நகரத்திலிருந்து வரும் அவருடைய அக்கா கார்லா, வழக்கம்போல வந்தபோது கதவு பூட்டாமல் இருந்தது. இதய மாத்திரை டப்பா சாப்பாட்டு மேசைமேல். மேல்கோட்டும் ரப்பர் பூட்சும் இல்லை. ஹோல்கர் ஃபியோர்டு என்னும் கடல் கழியின் படகுத்துறைப் பக்கம் நடந்து போனதைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ப்ரேபன் பார்த்ததாகச் சொன்னார். நேற்றிலிருந்து போலீஸ் முக்குளிப்பவர்கள் அந்தத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

"வேற என்னென்ன காணோம்?" என்றாள் அஸ்தா.

"சமையலறை ரேடியோ. கையில தூக்கிட்டுப் போறது, ஏரியலை இழுத்து நீட்டுவோமே, அது."

"தண்ணியில விழப் போறவன் ரேடியோவை எடுத்துட்டுப் போவானா?"

கார்லா மேசைப் பக்கம் திரும்பினாள். காபிக் கோப்பைகளை ஒரே நேர்கோட்டில் வைப்பதும் கலைப்பதுமாக இருந்தாள்.

ப்ரீ-ஆம்ப் பக்கத்தில் ஒரு பச்சை அட்டை நோட்டு கிடந்தது. பெர்ட்டல் புரட்டினான். ஹோல்கரின் கையெழுத்து அச்சுப் போல நிமிர்ந்திருந்தது. ஒவ்வொரு இரைச்சலுக்கும் ஒரு பக்கம், தீர்ந்ததும் குறுக்கே ஒரு கோடு.

"சீறல்: இரண்டாம் வால்வின் மின்தடை மாற்றினேன். போயிற்று," என்று வாசித்தான். "ரீங்காரம்: எர்த் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் கட்டினேன். போயிற்று. முதல் வால்வு தொட்டால் மணி போல ஒலிக்கிறது. மாற்றினேன். பென்சிலால் தட்டிப் பார்க்கும் முறை: இரண்டு, இடைவெளி, ஒன்று. வீட்டுச் சத்தங்களோடு குழம்பாமல் இருக்க." பெர்ட்டல் நிமிர்ந்தான். "பாருங்க, தட்டுறதுக்குக்கூட ஒரு சட்டம்! என் பொண்டாட்டி இந்த ஆளைக் கட்டியிருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி."

"அவளுக்கு நிம்மதின்னு சொல்லு. டிக் பத்தி என்ன எழுதியிருக்கார்?"

"இந்தப் பக்கத்துல ஒரே வரிதான். 'டிக்: அக்டோபர் வரை பொறுக்கவும்.' இதுக்கு மட்டும் குறுக்கே கோடு இல்ல."

"அவன் எப்பவும் அப்படித்தான்," என்றாள் கார்லா. "நல்ல ரெக்கார்டை எல்லாம் மே மாசத்துல உள்ள வச்சுப் பூட்டிருவான். அக்டோபர் கடைசியிலதான் எடுப்பான். கோடையில சுத்தமாக் கேக்காதும்பான். கிறுக்குன்னு நினைச்சுக்குவேன்."

அஸ்தா நோட்டை வாங்கிக்கொண்டாள். "பெர்ட்டல், இந்த டிக் எங்கிருந்து வருது? ரெண்டு வார்த்தையில சொல்லு."

"உங்களுக்காக மூணாவும் சொல்லுவேன்."

அவன் பென்சிலை எடுத்து முதல் வால்வைத் தட்டினான். இரண்டு, இடைவெளி, ஒன்று. ஒலிபெருக்கியில் லேசாக டொக் என்றது. மணி ஒலிக்கவில்லை. வால்வில் குற்றமில்லை. அடுத்து, இசைத்தட்டுச் சுழலியிலிருந்து வரும் கம்பியைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கி, அந்தத் துளையை ஒரு வெற்றுச் செருகியால் அடைத்தான்.

டிக் நின்றது.

அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது. கார்லா மூச்சை வெளியே விட்டாள். பெர்ட்டல் செருகியை எடுத்துக் கம்பியை மறுபடி மாட்டினான். டிக், டிக்.

"பெட்டிக்குள்ள இல்ல. வெளியிலிருந்து வருது. இந்தக் கம்பி ஏரியல் மாதிரி அதை வாங்கிக் கொடுக்குது. ஒன்றேகால் செகண்டுக்கு ஒரு துடிப்பு..." அவன் சட்டென்று தொடையில் தட்டிச் சிரித்தான். "அட, நான் ஒரு மடையன்! கிராமத்துல எத்தனை ரேடியோவுக்கு இதே வைத்தியம் பார்த்திருக்கேன். இது..."

வாசலில் மரச்செருப்புகள் கழன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமலே உள்ளே வரும் உரிமையுள்ள நடை. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு, கையில் ஒரு அட்டை முட்டையோடு ப்ரேபன் வந்து நின்றார். அகன்ற தோள், மென்மையான குரல், தேவாலயக் குழுவில் பொருளாளர்.

"அக்கா, முட்டை கொண்டாந்தேன். சாப்பிட்டீங்களா இல்லையா? விருந்தாளிங்களா?"

"இவங்கதான் நான் சொன்ன துப்பறியிறவங்க. உக்காரு ப்ரேபன், காபி ஊத்தறேன்."

"சரியான நேரத்துக்கு வந்தீங்க!" என்றான் பெர்ட்டல். கண்டுபிடித்த குஷியில் அவன் வாய் அவனைக் கேட்காமலே ஓடியது. "உங்க சங்கதிதான் பேசிட்டிருக்கோம். இந்த டிக் டிக் என்னன்னு தெரியுமா? மின்வேலி! மாடு தாண்டாம இருக்கக் கட்டுவோமே, அதோட துடிப்பு. எவனோ நவம்பர் மாசத்துல வேலியை அணைக்க மறந்துட்டு..."

அஸ்தாவின் குதிகால் அவன் பாதத்தில் இறங்கியது. அவன் நிறுத்தினான். ஆனால் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாகிவிட்டது.

ப்ரேபனின் கோப்பை உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. ஒரு டிக் நேரம்தான். பிறகு அவர் குடித்தார்.

"நம்ம மாடுங்க அக்டோபர் இருபதுலயே கொட்டிலுக்குப் போயிருச்சு. கம்பியைச் சுத்திப் பரண்ல போட்டாச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல வேலிக்கு வேற யாரும் கரண்ட் விடுறதில்ல." அவர் பெட்டியைப் பார்த்துப் புன்னகைத்தார். "பழசு இல்லையா? பழசுன்னா முனகத்தான் செய்யும். என் முழங்காலைக் கேளுங்க."

"அதுவும் சரிதான்," என்றாள் அஸ்தா. "பெர்ட்டல் எப்பவுமே இப்படித்தான். முதல்ல பேசுவான், அப்புறம் யோசிப்பான்."

"இன்னிக்கு மைனஸ் ஆறு வரைக்கும் போகுமாம். தேடுறவங்க பாவம், கரையோரம் உறைஞ்சுரும்." ப்ரேபன் எழுந்தார். "எனக்குத் தீவனம் வைக்கணும் அக்கா. வர்றேன்."

மரச்செருப்புகள் முற்றத்துக் கற்களில் நிதானமாகத்தான் போயின. ஒரு டிராக்டர் உறுமிக் கிளம்பியது. கார்லா மேசையைப் பார்த்தாள்.

"பாதிக் காபியை வச்சிட்டுப் போயிருக்கான்," என்றாள். "முப்பது வருஷத்துல இதுதான் முதல் தடவை."

அஸ்தா நடைவாசலுக்குப் போய்க் குனிந்தாள். திரும்பி வந்தபோது ஒரு விரலை நீட்டிக் காட்டினாள். நுனியில் மாவு போல வெள்ளைச் சேறு.

"செருப்பைக் கழட்டி வச்சிட்டு வர்ற நல்ல பழக்கம். மிதியடியில அச்சு விழுந்திருக்கு. வர்ற வழியெல்லாம் உழுத வயலு, எல்லாம் கரிசல். இந்த வெள்ளை எங்க இருக்கு கார்லா?"

"மெர்கல் குழியிலதான். அந்தக் காலத்துல வயலுக்குப் போட வெள்ளைக் களிமண் தோண்டினாங்க. இப்போ தண்ணி நிக்குது. ஊசியிலைத் தோப்புக்குப் பின்னால, ப்ரேபன் நிலத்துல. அங்க யாரும் போறதில்ல."

"ஒருத்தர் போறார்." அஸ்தா நோட்டைப் பிரித்து, ப்ரேபன் உள்ளே வந்ததும் தான் மூடிவைத்த கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். பெர்ட்டல் வாசித்தான்.

அக்டோபர் 20: ப்ரேபனின் மாடுகள் கொட்டிலுக்குப் போய்விட்டன. டிக் இன்னும் கேட்கிறது.

அக்டோபர் 27: கம்பிகள் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். டிக் இன்னும் கேட்கிறது.

நவம்பர் 12: குறை என் பெட்டியில் இல்லை. போய்ப் பார்க்கிறேன்.

"பன்னெண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை," என்றாள் அஸ்தா. "வருஷா வருஷம் மாடு உள்ள போனதும் இந்த வீட்டுல பாட்டு ஆரம்பிக்கும். இந்த வருஷம் மாடு போச்சு, சத்தம் போகல. அப்படின்னா அந்த வேலி மாட்டுக்காக இல்ல. அவர் ரேடியோவைக் கையில எடுத்துக்கிட்டார். எங்க சத்தம் கூடுதோ அந்தத் திசையில நடந்தார். படகுத்துறைக்கு இல்ல."

பெர்ட்டல் வாசல் பக்கம் பார்த்தான். "நான் அந்த ஆள் மூஞ்சிக்கு நேராவே..."

"ஆமா. இப்போ வேற ஒண்ணு சொல்லு. சிலது மட்டும் ஏன் பலமா விழுது?"

"ஈரப் புல்லு கம்பியில படும். இல்ல காத்துல கம்பி ஆடித் தூண்ல உரசும். அப்போ பொறி பறக்கும். பொறி பறந்தா டிக் பலமாக் கேக்கும்."

அஸ்தா ஜன்னலைக் காட்டினாள். தோட்டத்துக் கம்பத்தில் நீளமான சிவப்பு வெள்ளைக் கொடி ஈரத் துணியாகத் தொங்கியது. நுனிகூட அசையவில்லை.

"காத்து எங்க?"

மூவரும் ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்தார்கள். வால்வுகள் கனிந்தன. மெல்லிய டிக், மெல்லிய டிக். பிறகு பலமாக ஒன்று. பலமாக இன்னொன்று. ஒரு மெல்லியது. பலமாக ஒன்று. அதன்பின் வெகுநேரம் மெல்லியவை. பெர்ட்டல் எண்ணிக்கொண்டே இருந்தான். மறுபடியும் பலமாக இரண்டு, ஒரு இடைவெளி, பலமாக ஒன்று.

அவன் கையில் பென்சில் இன்னும் இருந்தது. அதைப் பார்த்தான். பார்த்ததும் கீழே வைத்துவிட்டான்.

"அம்மணி," என்றான். "அவர் வால்வைத் தட்டுற முறை. அவரேதான் தட்டுறார். அங்கிருந்து. கம்பிக்குப் பக்கத்துல எதையோ கொண்டுபோய்ப் பொறி விடுறார். இந்தப் பெட்டி ஓடிக்கிட்டிருக்கும், யாராவது கேப்பாங்கன்னு..."

கார்லா சுவரைப் பார்த்தாள். சுவரில் பிளக்கும், அதன் மேல் சின்ன வெள்ளை சுவிட்சும். ஆள் இல்லாத அறையில் எதையும் எரிய விடாமல் வளர்ந்த கை அவளுடையது. எழுபத்தைந்தை எட்டப்போகும் அந்தக் கை இப்போது வாயைப் பொத்தியது.

"ரெண்டு நாளா," என்றாள். "ரெண்டு நாளா நான்..."

"உயிரோட இருக்கார்," என்றாள் அஸ்தா. அதற்குள் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். "மாத்திரை இல்லாம, ரெண்டு நாளு ஈரத்துல. ப்ரேபன் அவரைத் தொடக்கூட வேண்டியதில்ல. இன்னிக்கு உறைபனி மிச்சத்தைப் பாத்துக்கும். காலையில கிடைச்சா, தவறி விழுந்த கிழவர். ஆனா இப்போ நமக்கு வேலியைப் பத்தித் தெரியும்னு அவனுக்குத் தெரியும். கார்லா, போலீஸுக்குப் போன் பண்ணுங்க. மெர்கல் குழி, ஆம்புலன்ஸோட. அப்புறம் இந்தப் பெட்டி பக்கத்துல உக்காருங்க. அணைக்காதீங்க. டிக் எப்போ நிக்குதோ, அந்த நிமிஷத்தைக் கடிகாரம் பாத்து எழுதி வையுங்க."

"நின்னுருமா?"

"நிக்கும். நிறுத்தத்தான் அவன் போயிருக்கான்."

பழைய வோல்வோ ஒற்றையடி மண்பாதையில் குலுங்கியது. பெர்ட்டல் கார் ரேடியோவை நிலையங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடத்தில் நிறுத்தினான். வெறும் இரைச்சல். அதற்குள் புதைந்து, டிக். பாதை வலப்பக்கம் வளைந்ததும் டிக் தேய்ந்தது. அஸ்தா தலையசைத்தாள். பின்னால் எடுத்து, இடப்பக்கக் கிளையில் திருப்பினான். ஊசியிலைத் தோப்பு இரண்டு பக்கமும் நெருங்கியது. டிக் இப்போது நகத்தால் சுண்டுவது போல இல்லை, சவுக்குச் சொடுக்கு.

"பேச மாட்டேங்கிற," என்றாள் அஸ்தா.

"ரெண்டு வருஷத்துக்கு வாயைத் தைச்சுக்கலாம்னு இருக்கேன்."

"அப்புறம் தைச்சுக்கோ. இப்போ வண்டியை ஓட்டு."

சொடுக்கு, சொடுக்கு. பலமாக இரண்டு. இடைவெளி. பெர்ட்டல் அந்த மூன்றாவதுக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

அடுத்ததும் வரவில்லை. ரேடியோவில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடியது. அஸ்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பத்தேழு. ஒரு கிலோமீட்டர் தள்ளி, கொட்டில் சுவரில் இருந்த ஒரு சுவிட்சை யாரோ கீழே தள்ளியிருந்தார்கள்.

"அணைச்சுட்டான்," என்றான் பெர்ட்டல். "இனிமே எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

"இறங்கு. நடப்போம்."

தோப்பு முடிந்த இடத்தில் தரை திடீரென்று வெள்ளையாகிக் கீழே இறங்கியது. குழி பெரியது. அடியில் கறுப்புத் தண்ணீர், அதில் பாதி மூழ்கிய நீல டிரம்கள். இருபதா முப்பதா, பனியில் எண்ண முடியவில்லை. எல்லாவற்றிலும், திருட்டுத்தனமாகக் கொட்டிய கழிவு என்று சொல்லாமல் சொல்லும்படி, பெயர்ச்சீட்டு சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. இனிப்பும் காரமுமான ஒரு ரசாயன வாடை தொண்டையில் ஒட்டியது. குழியைச் சுற்றிப் புதுத் தூண்கள், புது வெள்ளைக் கம்பி. எந்த மாடும் மேயாத நிலத்துக்கு அப்படி ஒரு வேலி.

பெர்ட்டல் புறங்கையால் கம்பியைத் தொட்டான். உயிரில்லை. பையிலிருந்த குறடை எடுத்து வெட்டினான்.

"ஹோல்கர்!"

மூடுபனி அவன் குரலைத் தின்றுவிட்டது. எதிரொலிகூட இல்லை. அவன் மறுபடி வாயைத் திறந்தான். அஸ்தா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். இரைச்சல் எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவது என்ன என்று பார்ப்பதுதான் அவன் கடையில் இருபது வருடம் செய்த வேலை. மூச்சை அடக்கிக்கொண்டான்.

டங், டங்.

இடைவெளி.

டங்.

இரும்பு மேல் இரும்பு. குழியின் மறுகரையில், வேலிக்கு நேர் கீழே.

ஓடினார்கள். தண்ணீர் இறைத்த காலத்துப் பம்புக் கிணறு. சிமெண்டு வளையம், மேலே இரும்புக் கிராதி, அதன்மேல் குறுக்காக இரண்டு கான்கிரீட் தூண்கள். அவை தாமாக வந்து விழுந்தவை அல்ல. கிராதியின் இடுக்கு வழியாக, வேலிக் கம்பிக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரு ரேடியோ ஏரியல் நீண்டிருந்தது. அதன் நுனி கரிந்து கறுத்திருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு முகம் மேலே பார்த்தது. தாடியில் வெள்ளைச் சேறு. ரப்பர் பூட்ஸ் ஒன்று காலில் இல்லை, கையில் இருந்தது. அதை உறையாக மாட்டிக்கொண்டுதான் ஏரியலைப் பிடித்திருக்கிறார். உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை.

"அண்ணே, பேசாதீங்க. நான்தான் பேசுவேன், அது ஊருக்கே தெரியும்," என்றான் பெர்ட்டல். முதல் தூணை நெம்பித் தள்ளினான். இரண்டாவதைத் தள்ள முதுகு மறுத்தது. அஸ்தா தோள் கொடுத்தாள். தூண் உருண்டு தண்ணீரில் விழுந்தது. "கம்பியில கரண்ட் இருந்திருந்தா நாம இங்க கை வச்சிருக்கவே முடியாது. அந்த ஆளே அணைச்சுக் கொடுத்துட்டான்."

கிராதியைப் புரட்டியபோது தோப்புப் பக்கம் வெளிச்சம் விழுந்தது. டிராக்டர். அது அவசரமில்லாமல் வந்தது. முன்னால் தூக்கிய இரும்புத் தொட்டியில் ஈர மண் குவிந்திருந்தது.

இருபது அடி தள்ளி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அஸ்தா எழுந்து, வெளிச்சத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"வழி தவறிட்டீங்களா?" என்றது மேலேயிருந்து அந்த மென்மையான குரல்.

"இல்ல. சரியாத்தான் வந்திருக்கோம்."

"ஆபத்தான இடம். யாரும் விழுந்துரக் கூடாதுன்னுதான் வேலி போட்டேன்."

"கம்பியைச் சுத்திப் பரண்ல போட்டாச்சுன்னு சொன்னீங்க."

தொட்டி ஒரு முழம் மேலே எழும்பியது. அதன் விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது. பெர்ட்டல் கிணற்றுக்குள் பாதி உடம்பை விட்டு ஹோல்கரின் கக்கங்களைப் பிடித்திருந்தான். அவரை விட்டுவிட்டு எழ முடியாது. எழாமல் இருக்கவும் முடியவில்லை. முதுகில் அந்த வெளிச்சம் சூடில்லாமல் எரிந்தது.

"தொட்டியில மண்ணு எதுக்கு ப்ரேபன்?" என்றாள் அஸ்தா, வானிலை விசாரிப்பது போல. "உங்க வேலி எத்தனை மணிக்கு நின்னதுன்னு கார்லா எழுதி வச்சிருக்காங்க. நீங்க காபியைப் பாதியில வச்சிட்டுப் போன நேரமும் அவங்களுக்குத் தெரியும். போலீஸுக்குப் போன் பண்ணி அரை மணியாச்சு. இன்னும் ரெண்டு பேரை, மூணு பேரை மூடணும்னா உங்க தொட்டி பத்தாது."

எஞ்சின் உறுமியது. அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று பெர்ட்டலுக்குத் தெரியாது. பெரிய சாலைப் பக்கம் மூடுபனிக்குள் நீல வெளிச்சம் ஒன்று துடிக்க ஆரம்பித்தது. ஒன்றேகால் நொடிக்கு ஒரு முறை இருக்குமோ என்று அவன் மூளை தானாக எண்ணியது.

தொட்டி மெதுவாகத் தரையில் இறங்கியது. ப்ரேபன் எஞ்சினை அணைத்தார். விளக்கையும் அணைத்தார். அந்த இருட்டில், இறங்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஸ்ட்ரெச்சரில் கம்பளிக்குள் சுருண்ட ஹோல்கர் பெர்ட்டலின் சட்டைக்கையைப் பற்றினார். அவன் காதைக் குனிந்து கொடுத்தான்.

"எத்தனையாவது நாள் கேட்டுது?" குரல் மணலில் இழுக்கும் கயிறு போல வந்தது. "கார்லா... பெட்டியை விட்டு வச்சிருந்தாளா?"

பெர்ட்டல் அஸ்தாவைப் பார்த்தான். அஸ்தா வேறு பக்கம் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றது. மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு கார்லா ஓடி வந்தாள். இன்னொரு கையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. அதில் 3.47 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். தம்பியின் பக்கத்தில் குனிந்தாள். தாளை அவரிடமே நீட்டினாள்.

"நீ அணைக்கலையே," என்றார் ஹோல்கர். "அது போதும்."

கார்லாவின் பார்வை மெல்ல பெர்ட்டல் பக்கம் திரும்பியது. அவன் தன் பூட்ஸில் ஒட்டிய வெள்ளைச் சேற்றை, வாழ்க்கையில் அதைவிட முக்கியமான வேலை இல்லாதவன் போல, வாசற்படியில் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

திறந்த கதவு வழியாக உள்ளே வால்வுகள் நான்கும் கனிந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் சீறல் இல்லை, ரீங்காரம் இல்லை, டிக்கும் இல்லை. கார்லா உள்ளே போய், பெட்டியின் முன் நின்றாள். சுவிட்சைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.